உழ விடாமல் தடுத்துவிட்டுத் தரிசு என்று எழுதுவது: மசாஃபர் யத்தா மக்களின் அன்றாடம் பற்றிய இழை

பதிவு 1 – மேய்ச்சல்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாலஸ்தீனம் பற்றிய நம் உரையாடல்கள் பெரும்பாலும் குண்டுவீச்சிலும் போர்நிறுத்தத்திலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. காஸாவில் நேர்ந்திருக்கும் பேரழிவின் அளவைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. ஆனால் மேற்குக் கரையில், ஒரு குண்டும் விழாத நாளில்கூட, ஆடு மேய்க்கப் போனவர் திரும்பி வரும்வரை வீட்டிலிருப்பவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் கிடை போட்டுப் பிழைத்த குடும்பத்திலிருந்து வந்தவன். ஆகவே ஹெப்ரான் நகருக்குத் தெற்கே உள்ள மசாஃபர் யத்தா பற்றி முதன்முதலில் படித்தபோது, அரசியலுக்கு முன்னால் ஆடுகள்தாம் என் கண்ணில் பட்டன. மலைச்சரிவு பாலைவனத்தை நோக்கி இறங்கும் இடம் அது. மழை குறைவு, மண் மெல்லிய போர்வையாகப் பாறையை மூடியிருக்கும். யத்தா என்ற சிறுநகரத்தைச் சேர்ந்த குடும்பங்கள் மந்தைகளோடு அங்கே சென்று, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகைகளில் தங்கி, தலைமுறைகள் கடந்தபின் அங்கேயே ஊர்களாக நிலைத்துவிட்டன. ஜின்பா, அல்-மஜாஸ், அத்-துவானி, தூபா என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பும் தரும் அந்தக் குகைகள், அந்த நிலத்துக்கு ஏற்ற வீடுகள். அவற்றை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது தவறு.

1980களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் சுமார் 30,000 துனம் நிலத்தை இஸ்ரேலிய ராணுவம் 918ஆம் எண் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் களமாக அறிவித்தது. (ஒரு துனம் ஏறத்தாழக் கால் ஏக்கர்.) 1999இல் சுமார் 700 பேரை லாரிகளில் ஏற்றி வெளியே இறக்கிவிட்டார்கள். 2000இல் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அவர்கள் திரும்பினார்கள். வழக்கு 22 ஆண்டுகள் இழுத்தது. 2022 மே 4 அன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் எட்டு ஊர்களை வெளியேற்றத் தடையில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

என் கேள்வி இதுதான். ஒரு மக்கள்கூட்டம் வாழும் இடத்தை, சட்டத்தின் பெயரால் வெற்றிடம் என்று எப்படி எழுத முடிகிறது? அந்த எழுத்துக்குக் கீழே அந்த மக்கள் எப்படி நாளைக் கழிக்கிறார்கள்?

பதிவு 2 – நிலஅளவை

மேய்ச்சல்காரன் அவர்களின் முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு விடை சொல்ல முடியும். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகள் பட்டா, புறம்போக்கு, அடங்கல் என்றே வாழ்ந்தவன் என்பதால், இந்த விஷயத்தின் காகிதப் பக்கத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

மேற்குக் கரையின் நிலவுரிமைக்கு அடிப்படை, அப்போது அங்கே ஆண்ட உதுமானிய (ஒட்டோமான் துருக்கிய) பேரரசின் 1858ஆம் ஆண்டு நிலச் சட்டம். பத்து ஆண்டுகள் தொடர்ந்து பயிர் செய்தவருக்கு நிலத்தின் மீது உரிமை உண்டு. மூன்று ஆண்டுகள் பயிர் செய்யாமல் விட்டால் அந்த நிலம் அரசுக்குத் திரும்பிவிடலாம். ‘மவாத்’, அதாவது ‘இறந்த நிலம்’ என்றும் ஒரு வகை உண்டு. ஊரின் கடைக்கோடியில் நின்று ஒருவர் உரக்கக் கூவினால் எந்தத் தொலைவில் அந்தக் குரல் கேட்காதோ, அதற்கு அப்பால் கிடக்கும் நிலம் அது. பேரரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது வரி வசூலிப்பதற்கும் மக்களை உழவைக்கவும்தான்.

பிரிட்டிஷாரும் பிறகு ஜோர்டானும் ஊர் ஊராக நிலத்தை அளந்து பதிவு செய்யத் தொடங்கினார்கள். 1967 போரில் மேற்குக் கரை இஸ்ரேலின் கைக்கு வந்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலமே பதிவாகியிருந்தது. 1968இல் ஒரு ராணுவ ஆணை அந்தப் பதிவு வேலையை அப்படியே நிறுத்தி வைத்தது. எஞ்சிய நிலத்தின் உழவர்களிடம் வரி கட்டிய ரசீதும் ஊராரின் சாட்சியமும் இருந்தனவே தவிர, முடிந்த பட்டா இல்லை.

திருப்புமுனை 1979. நாப்ளுஸுக்கு அருகே ராணுவத் தேவை என்று சொல்லிக் கையகப்படுத்திய தனியார் நிலத்தில் எலோன் மோரே என்ற குடியேற்றத்தை, அதாவது இஸ்ரேலியர்கள் வந்து குடியமரும் ஊரை, கட்டியது செல்லாது என்று இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அந்த வழி அடைபட்டதும் வேறு வழி திறக்கப்பட்டது. பழைய உதுமானியச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, பயிர் செய்யப்படாத நிலம் அனைத்தும் அரசு நிலம் என்று அறிவிக்கத் தொடங்கினார்கள். வான்வழிப் படங்களை வைத்து, ஒரு துண்டு நிலத்தில் பாதிக்கு மேல் உழவு தெரியவில்லை என்றால் முழுத் துண்டுக்கும் உரிமை மறுக்கப்பட்டது. பாறையும் மண்ணும் கலந்து கிடக்கும் சரிவில் பாதிக்கு மேல் யாரால் உழ முடியும்? இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆடு மேய்ப்பது இந்தக் கணக்கில் பயிர் செய்தல் ஆகாது. ஆக, மேய்ச்சலை நம்பியிருக்கும் ஊரின் நிலம் பார்வைக்கே தரிசு.

நம்மூரிலும் மேய்ச்சல் நிலத்தை யாருக்கும் சொந்தமில்லாததாகக் கருதும் பழக்கம் வருவாய் ஆவணங்களில் உண்டு. நானே அப்படிக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதனால்தான் இதைப் படித்தபோது என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை.

பதிவு 3 – வடகடல்

நான் நார்வேயில் வசிக்கிறேன். 2002 முதல் உலகத் திருச்சபைகள் மன்றம் நடத்திவரும், வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் ஊராரோடு தங்கித் துணைநிற்கும் திட்டத்தின் கீழ் மூன்று மாதம் ஹெப்ரானுக்குத் தெற்கே தங்கியிருந்தேன். சட்டத்தை ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பார்த்த அன்றாடத்தைச் சொல்கிறேன்.

விடியலுக்கு முன்பே பெண்கள் எழுந்துவிடுவார்கள். தரையில் பதித்த ‘தாபூன்’ அடுப்பில், கீழே கூழாங்கற்கள் சூடேறியிருக்க, ரொட்டி வேகும். குளிர்காலம் முடிந்து குட்டிகள் பால் மறக்கத் தொடங்கும் வசந்த மாதங்களில்தான் பாலுக்கு நல்ல பருவம். ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றித் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் ஆட்டிக் கடைந்து வெண்ணெய் எடுப்பார்கள். மோரை வடிகட்டி உப்பிட்டு உருண்டை பிடித்துக் கூரையில் காயவைத்தால் அது ‘ஜமீத்’. கல்லைப் போல் இறுகிய அந்த உருண்டை ஓர் ஆண்டு கெடாது. ஒரு வீட்டின் கூரையில் எத்தனை உருண்டைகள் காய்கின்றன என்பதை வைத்தே அந்த ஆண்டு எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம்.

தண்ணீர்தான் பெருங்கவலை. பாறையில் வெட்டிய மழைநீர்க் கேணிகள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. அவை கோடையின் நடுவில் வற்றிவிடும். 1967லிருந்து எந்த நீர் அமைப்பையும் கட்டுவதற்கும் சீர்செய்வதற்கும் ராணுவ அனுமதி வேண்டும். அனுமதி கிடைப்பது மிக அரிது. அருகிலேயே மாஓன், கார்மல் குடியேற்றங்களுக்கு இஸ்ரேலிய நீர் நிறுவனமான மெகோரோத்தின் குழாய் ஓடுகிறது. அந்தக் குழாய் செல்லும் நிலத்துக்காரர்கள் டிராக்டர் இழுத்துவரும் தொட்டி வண்டியில், குழாய்நீரைவிடப் பல மடங்கு விலைக்குத் தண்ணீர் வாங்குகிறார்கள். கரடுமுரடான பாதையில் வண்டி வர வேண்டியிருப்பதால் வாடகையே விலையில் பெரும்பகுதி. உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வேண்டும் என்கிறது. இங்கே சில ஊர்களில் 20 லிட்டரில், அதுவும் ஆடுகள் குடித்தது போக, சமாளிக்கிறார்கள். குளிப்பாட்டிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது அங்கே வழக்கம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூபாவிலிருந்து அத்-துவானி பள்ளிக்கு நேர்வழியில் சிறு நடைதான். ஆனால் அந்த வழி மாஓன் குடியேற்றத்துக்கும், இஸ்ரேலிய அரசே அனுமதிக்காமல் முளைத்த ஹவாத் மாஓன் புறக்காவல் குடியிருப்புக்கும் நடுவே செல்கிறது. 2004இல் பிள்ளைகளோடு நடந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் இருவர் முகமூடி அணிந்தவர்களால் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பின் இஸ்ரேலிய நாடாளுமன்றக் குழுவின் தலையீட்டால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல ராணுவ வண்டி அனுப்பும் ஏற்பாடு வந்தது. தாக்குகிறவர்களை அந்த இடத்திலிருந்து அகற்றாமல், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சிப்பாய்களைக் காவலாக அனுப்பியிருக்கிறார்கள். வண்டி தாமதமாக வரும் காலைகளில், குன்றின் மறைவில் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டியபடி காத்திருப்பதையும், வண்டி வராவிட்டால் பெரியவர்கள் சுற்றுவழியில் கூட்டிச் செல்வதா வீட்டுக்கே திரும்புவதா என்று குரல் தாழ்த்திப் பேசிக்கொள்வதையும் நான் பலமுறை பார்த்தேன்.

பதிவு 4 – எதிர்க்கரை

மூவரின் பதிவுகளையும் மதிப்புடன் படித்தேன். இருப்பினும் ஒரு மாற்றுப் பார்வையை வைக்க விரும்புகிறேன். எல்லா நாட்டு ராணுவத்துக்கும் பயிற்சிக் களம் வேண்டும். குடியேற்றங்களில் வாழ்பவர்களும் துப்பாக்கிச் சூட்டிலும் கத்திக்குத்திலும் உயிரிழந்திருக்கிறார்கள். மேலும் இந்த ஊர்க்காரர்கள் 22 ஆண்டுகள் வழக்காட முடிந்திருக்கிறது என்றால், அவர்களுக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்திருந்தது என்றுதானே பொருள்? அவர்கள் நிரந்தரமாக அங்கே வசித்ததற்குச் சான்று இல்லை என்று நீதிபதிகள் சொன்னால், அதை எதிர்தரப்பின் சூழ்ச்சி என்று மட்டும் கொள்வது சரியா?

பதிவு 5 – நிலஅளவை

நேர்மையான கேள்வி. நேராகவே மறுமொழி சொல்கிறேன்.

குடியேறியவர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்பது உண்மை, அந்த உயிர்களும் உயிர்களே. 2023 பிப்ரவரியில் ஹுவாரா என்ற பாலஸ்தீன ஊர் வழியாக வந்த இரு சகோதரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவே நூற்றுக்கணக்கான குடியேறிகள் அந்த ஊருக்குள் புகுந்து வீடுகளையும் வண்டிகளையும் எரித்தார்கள். முதல் குற்றத்தைச் செய்தவரைத் தேடிப் பிடிக்க ஒரு அரசு இயந்திரமே உண்டு. இரண்டாவது குற்றத்துக்கு ஆளான ஊரார் யாரிடம் முறையிடுவது? யெஷ் தீன் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு 2005 முதல் தொகுத்துவரும் கணக்கின்படி, குடியேறிகளின் வன்முறை குறித்த காவல்துறை விசாரணைகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவை குற்றப்பத்திரிகை இல்லாமலே மூடப்படுகின்றன. ஒரே குன்றில் கல் எறிந்த இரு சிறுவர்களில், குடியேற்றத்துச் சிறுவன் இஸ்ரேலியக் குடிமைச் சட்டத்தின் கீழும், பாலஸ்தீனச் சிறுவன் ராணுவ நீதிமன்றத்தின் கீழும் வருகிறான்.

இனிப் பயிற்சிக் களம். 1981 ஜூலையில் நடந்த ஒரு அமைச்சரவைக் குழுக் கூட்டத்தின் குறிப்பு 2020இல் வெளிவந்தது. அப்போது வேளாண் அமைச்சராக இருந்த ஏரியல் ஷரோன், மலையில் வாழும் அரபு ஊரார் பாலைவனத்தை நோக்கிப் பரவுவதைத் தடுப்பதற்காக அந்தப் பகுதியை ராணுவத்துக்குப் பயிற்சிக்குத் தர முன்வந்தது அதில் பதிவாகியிருக்கிறது. பயிற்சிக்கு இடம் தேடிப் போய் இந்த மலை கிடைத்ததாக அந்தக் குறிப்பைப் படிப்பவர் யாரும் சொல்ல மாட்டார். மேற்குக் கரையின் பரப்பில் சுமார் 18 விழுக்காடு இப்படிப் பயிற்சிக் களங்களாக அறிவிக்கப்பட்டுள்ளது.

சான்று இல்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். இந்த மலையின் குகைவாழ் மக்களைப் பற்றி நேரில் தங்கி ஆராய்ந்து எழுதிய ஒரு நூலை இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகமே 1985இல் வெளியிட்டது. அது வழக்கில் காட்டப்பட்டது. அறிவிப்புக்கு முன் நிரந்தரக் குடியிருப்பு இருந்ததாக நிறுவப்படவில்லை என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. கல்வீடு இருந்தால் வான்படத்தில் தெரியும், குகை தெரியாது. பருவத்துக்கு ஏற்ப மந்தையோடு இடம் மாறும் குடும்பம் எந்தப் பருவத்தில் அளவெடுத்தாலும் பாதி வெறுமையாகத்தான் தெரியும். நீங்கள் சொல்லும் கதவு திறந்திருந்தது, மறுக்கவில்லை. உள்ளே இருந்த அளவுகோல் வேறொரு வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டது.

பதிவு 6 – மேய்ச்சல்காரன்

நிலஅளவை ஐயாவுக்கு நன்றி. மந்தையின் கணக்கை நான் எழுதுகிறேன், ஏனெனில் இந்த ஊர்களை இப்போது உண்மையில் காலி செய்வது தீர்ப்பைவிட மேய்ச்சல்தான்.

கடந்த சில ஆண்டுகளில் ‘பண்ணைப் புறக்காவல்’ என்ற புது வகைக் குடியிருப்பு பரவியிருக்கிறது. வீடு கட்டிக் குடியேற்றத்தை வளர்க்க நிறையக் குடும்பங்கள் வேண்டும், நிறையக் காசு வேண்டும். பண்ணைக்கு ஒரு குடும்பமும் சில இளைஞர்களும் ஒரு மந்தையும் போதும். மந்தையை ஓட்டிக்கொண்டு போகும் இடமெல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. ஊராரின் ஆடுகள் அந்தச் சரிவுக்கு வந்தால் நாய்களும் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளும் வந்து விரட்டுகின்றன. சினையாடு ஓடினால் என்ன ஆகும் என்பதை ஆடு வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடிய அன்றே கரு கலையலாம், கலையாவிட்டாலும் அந்த ஆட்டின் பால் குறையும்.

பிறகு கணக்கு இப்படிப் போகும். மேய்ச்சல் இல்லையென்றால் பட்டியில் கட்டித் தீனி போட வேண்டும். பார்லியும் தவிடும் காசுக்கு வாங்க வேண்டும். காசுக்கு ஐந்து ஆடுகளை விற்க வேண்டும். எல்லாரும் விற்கும்போது சந்தையில் விலை இறங்கும், ஆகவே ஐந்துக்குப் பதில் எட்டு போகும். மந்தை சிறுத்தால் பால் சிறுக்கும், வடகடல் அக்கா சொன்ன கூரை உருண்டைகள் குறையும், தண்ணீர் வண்டிக்குக் கொடுக்கக் கையில் இருக்காது. அடுத்த கோடையில் இன்னும் எட்டு ஆடுகள். இப்படி ஒரு மந்தை கரைந்து போனபின், அந்தக் குடும்பம் யத்தாவில் ஒரு வாடகை அறைக்குப் போய்ச் சேரும். அவர்களை யாரும் வெளியேற்றவில்லை, தாமாகவே போனார்கள் என்று பதிவாகும். நம் தாத்தா காலத்துப் பஞ்சத்தில் மந்தை கரைந்த கதையை நான் கேட்டு வளர்ந்தவன். அதில் வானம் பொய்த்தது. இங்கே மழை பெய்து புல் முளைத்திருக்கும்போதே மந்தை கரைகிறது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதிவு 7 – குளக்கரை

நான் டெல்டாக்காரன். ஆடு பற்றித் தெரியாது, முறைத் தண்ணீர் பற்றித் தெரியும். பெத்லகேமுக்கு மேற்கே பத்தீர் என்ற ஊரில் ஊற்றுநீரை எட்டுக் குடும்பக் கிளைகள் நாளுக்கொன்றாக முறைவைத்துப் பாய்ச்சுவதால், அங்கே வாரத்துக்கு எட்டு நாள் என்று சொல்வார்களாம். கல்வரப்பு கட்டிய அந்தப் படிக்கட்டு வயல்களை 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்படி அறிவிக்கப்பட்ட இடத்திலாவது நிலம் பாதுகாப்பாக இருக்கிறதா? ஒலிவ அறுவடைக்கு அனுமதி வேண்டும் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

பதிவு 8 – வடகடல்

மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரிலிருந்து பத்தீர் தப்பியது. வயல்களைக் கிழித்துச் செல்லவிருந்த சுவருக்கு எதிராக ஊரார் வழக்காடினார்கள், இஸ்ரேலின் இயற்கைப் பாதுகாப்பு ஆணையமும் அந்தப் பாதையை எதிர்த்தது. ஆனால் 2024 ஆகஸ்டில் அந்தப் பாரம்பரிய நிலப்பகுதியிலேயே நஹால் ஹெலெட்ஸ் என்ற புதுக் குடியேற்றத்துக்கு ஒப்புதல் அறிவிக்கப்பட்டது.

ஒலிவ அறுவடை அக்டோபரில் தொடங்கும். குடியேற்றத்துக்கு அருகில் தோப்பு வைத்திருப்பவர் தன் மரத்தடிக்குப் போக ராணுவத்தோடு ‘தன்சீக்’, அதாவது முன்னேற்பாடு, செய்துகொள்ள வேண்டும். அதில் சில நாள்களே தருவார்கள். உழவர்களைப் பாதுகாப்பது ராணுவத்தின் கடமை, பாதுகாப்பைக் காரணம் காட்டி நிலத்தை அவர்களுக்கே மூடக்கூடாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்துதான் இந்த ஏற்பாடு வலுப்பெற்றது. நோக்கம் நல்லதே. நடைமுறையில், ஒலிவ மரத்துக்கு உழவும் கவாத்தும் களையெடுப்பும் ஆண்டு முழுவதும் வேண்டும் என்பது மறக்கப்பட்டு, பறிக்கும் சில நாள்கள் மட்டும் எஞ்சின. கவனிப்பில்லாத மரம் காய்ப்புக் குறைந்து, அடியில் முள் மண்டி, கோடையில் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் அந்தச் சில நாள்களும் பல இடங்களில் ரத்தாயின. அந்தப் பருவத்தில் 96,000 துனத்துக்கும் மேற்பட்ட ஒலிவ நிலம் பறிக்கப்படாமல் கிடந்தது என்பது ஐ.நா. கணக்கு. ஐயா சொன்ன மூன்றாண்டு விதியை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பதிவு 9 – எதிர்க்கரை

என் கேள்விக்குக் கிடைத்த மறுமொழிகளைப் பொறுமையாகப் படித்தேன். 1981 கூட்டக் குறிப்பு எனக்குத் தெரியாத செய்தி, அது என் எண்ணத்தை மாற்றுகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஒருமுறை ஊரைவிட்டுப் போனவர்கள் நீதிமன்ற ஆணையோடு திரும்பிய நிகழ்வு அண்மையில் உண்டா?

பதிவு 10 – வடகடல்

உண்டு. மசாஃபர் யத்தாவுக்கு மேற்கே கிர்பெத் ஸனூத்தா என்ற ஊர். அங்கிருந்த சுமார் 250 பேர், குடியேறிகளின் தொடர் மிரட்டலால் 2023 அக்டோபர் இறுதியில் தங்கள் கூரைத் தகடுகளைத் தாங்களே கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2024இல் நீதிமன்றம் அவர்கள் திரும்பலாம் என்றது. ஆகஸ்டில் சில குடும்பங்கள் திரும்பின. பள்ளி இடிந்து கிடந்தது. இடிந்ததை எடுத்துக் கட்டவோ நிழலுக்கு ஒரு கூரை போடவோ அனுமதி இல்லை, மிரட்டலும் ஓயவில்லை. சில வாரங்களில் மீண்டும் வெளியேறினார்கள்.

2025 மே 5 அன்று மசாஃபர் யத்தாவின் கல்லத் அல்-தபா என்ற ஊரில் பெரும்பாலான கட்டடங்கள் ஒரே நாளில் இடிக்கப்பட்டன. அவர்கள் வேறெங்கும் போகாமல் கூடாரங்களிலும் குகைகளிலும் தங்கினார்கள்.

நான் அங்கிருந்த கடைசி வாரங்களில் முதல் மழை பெய்தது. ஒரு முதியவர் பார்லி விதைக்கப் புறப்பட்டார். சரிவான நிலம் என்பதால் கழுதையில் பூட்டிய கலப்பை. அறுவடைக்கு விடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், துணைக்கு வந்திருந்த இஸ்ரேலியத் தன்னார்வலர்களுக்கும் தெரியும். 2000லிருந்து தஆயுஷ் என்ற அமைப்பினர் இப்படி வந்து நிற்கிறார்கள். உழுதது வான்படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர் உழுதார். நண்பகலில் ராணுவ வண்டி வந்தது, இந்த இடம் மூடப்பட்ட ராணுவப் பகுதி என்று ஒரு தாளையும் வரைபடத்தையும் காட்டினார்கள். அப்போது நிலத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக உழுதாகியிருந்தது. முதியவர் கழுதையை அவிழ்ப்பதற்கு முன், மேல்வரப்புவரை நடந்து சென்று, சால்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு இறங்கி வந்தார்.